றிபன் வந்தது, நட்சத்திரம் வரவில்லை

பிரித்தானியப் படையின் பழைய பதக்கங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு, வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

என் மகள் ஆங்கிலத்தில் நிரப்பி அனுப்பிய விண்ணப்பம் உங்களிடம் வந்திருக்கும். அதில் பெயருக்கு ஒரு கோடு, இலக்கத்துக்கு ஒரு கோடு, உறவுமுறைக்கு ஒரு கோடு. கோட்டில் எழுதக்கூடியதை எழுதிவிட்டோம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேனே என்று குறை நினைக்க வேண்டாம். உங்கள் லொறி எகிப்தின் மணலில் புதைந்து நின்ற நாள்களில் ஐயா அதைத் திட்டியது தமிழில்தானாம்.

ஐயா என்று நான் சொல்வது என் அப்பாவை. 1919இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1941இல் உங்கள் படையில் சேர்ந்து, 1946இல் திரும்பி வந்து, ஐம்பதுகளில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டக்கச்சியில் காணி எடுத்து, 1997இல் மல்லாவியில் ஒரு தறப்பாள் கொட்டிலில் கண்ணை மூடியவர். இதில் நடுவில் இருக்கும் ஐந்து வருடம்தான் உங்களுக்குரியது. அந்த ஐந்து வருடத்துக்கான பதக்கம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

நான் உப தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் பார்சல்களுக்கு முத்திரை குத்தியவன். வர வேண்டியது வராமல் போனால் அதைத் தேடிப் பிடிக்காமல் விடுவது என் தொழிலுக்கு ஆகாத காரியம். இந்த வயதில் இதைத் தொடங்கியதற்கு அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் கையில் இருப்பது ஒரு விரல் நீளத் துணித் துண்டு. மணல் நிறம். நடுவில் அகலமாக ஒரு சிவப்புப் பட்டை. அதற்கு ஒரு பக்கம் மெல்லிய கருநீலக் கோடு, மற்றப் பக்கம் மெல்லிய வெளிர்நீலக் கோடு. அம்மாவின் தேவாரக் கொப்பிக்குள் பக்கம் பிரிக்கும் அடையாளமாக அது கிடந்தது. சின்ன வயதில் அதை ஏதோ சேலைக் கரையில் வெட்டிய துண்டு என்று நினைத்திருந்தேன். மகள்தான் அதைப் படம் எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அப்பப்பா ஆபிரிக்காவிலயா இருந்தவர்?" என்று கேட்டாள். அது ஆபிரிக்க நட்சத்திரம் என்ற பதக்கத்தின் றிபன். மணல் நிறம் பாலைவனத்துக்கு, சிவப்பு தரைப்படைக்கு, இரண்டு நீலமும் கடற்படைக்கும் விமானப்படைக்கும். 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆபிரிக்காவில் ஒரு நாளாவது பணியில் நின்றவருக்கு அது உரியது.

நீங்கள் இதை நன்றாக அறிவீர்கள். வாசிக்கும் எங்கள் ஆக்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது படையினருக்கு வெறும் றிபனைத்தான் கொடுத்தார்கள். சேர்ட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். ஆறு முனை கொண்ட அந்த உலோக நட்சத்திரம் போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகே வந்தது. தரைப்படையில் இருந்து விலகிப் போனவர்களுக்கு அது தானாக வரவில்லை. விண்ணப்பித்தவருக்குத்தான் வந்தது. ஆகவே றிபன் ஐயாவின் சேர்ட்டோடு 1946இல் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. நட்சத்திரம் உங்களிடம் நின்றுவிட்டது.

அப்போதே கேட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் அதை அம்மாவிடம் கேட்டேன். பேப்பரில் அறிவித்தல் வந்ததாம், கூட இருந்த ஒருவர் வந்து சொன்னாராம். ஐயா அந்த நேரம் காணிக்கு விண்ணப்பம் போடும் யோசனையில் இருந்தார். ஒரே ஆள் அரசாங்கத்திடம் ஒரே நேரத்தில் இரண்டு சாமான் கேட்டால் இரண்டும் கிடைக்காது என்பது அவருடைய கணக்கு. அது வேறு அரசாங்கம், இது வேறு அரசாங்கம் என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்கவில்லை. காணிக்குப் பேர்மிற் கிடைத்தது. மற்றதை விட்டுவிட்டார். ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் மேல் நான் குற்றம் சொல்ல வரவில்லை. கேட்கவில்லை, வரவில்லை. இப்போது கேட்கிறோம்.

ஐயா இருந்தது றோயல் ஆமி சேர்விஸ் கோரில். துவக்குத் தூக்கி முன்னுக்குப் போகிற பிரிவு இல்லை. முன்னுக்குப் போனவர்களுக்குச் சாப்பாடும் பெற்றோலும் குண்டும் தண்ணியும் கொண்டுபோய்க் கொடுக்கிற பிரிவு. இலங்கையிலிருந்து அதற்கும் பொறியியல் பிரிவுகளுக்கும் பயனியர் கோருக்கும் போனவர்கள் நிறையப் பேர். ஐயா லொறிச் சாரதி. பெருமைக்கு இழுக்கு என்று நினைத்தாரோ என்னவோ, சண்டைக் கதை ஒன்றும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் ரின் கதை.

பெற்றோல் வந்தது நாலு கலன் கொள்ளும் மெல்லிய தகர ரின்களில். அடுக்கி ஏற்றினால் அடியில் இருப்பது நசுங்கும், ஒழுகும். போய்ச் சேரும்போது பாதிதான் மிஞ்சும். லொறிக்குள் எப்போதும் பெற்றோல் மணம். பீடி பத்த முடியாது. ஜேர்மன்காரரின் கான் அப்படி இல்லை, கெட்டி இரும்பு, மூடினால் மூடினதுதான். எங்கேயாவது அது ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தால் லொறியை நிறுத்தி எடுப்பார்களாம். "சண்டையில வெள்ளைக்காரன் வென்றான், கானில ஜேர்மன்காரன் வென்றான்" என்பார். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய்க் கான் வாங்கப் போகும்போதெல்லாம் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக் கடைக்காரரைப் படுத்துகிற பாடு அங்கிருந்து வந்ததுதான்.

ஒழுகிப் பழுதான ரின்னைச் சும்மா எறிவதில்லையாம். பாதியாக வெட்டி, மணலை நிரப்பி, அதில் பெற்றோலை ஊற்றிக் குழப்பி, நெருப்பு வைத்தால் அடுப்பு. அதில் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டுத்தான் அடுத்த ஓட்டம். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த அடுப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1996இல் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் ஓடினபோது நாங்கள் மல்லாவிப் பக்கம் போனோம். மழை. காட்டு விறகு ஈரம். பொருளாதாரத் தடை என்பதால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. 77 வயது ஐயா ஒரு பால்மா ரின்னை வெட்டி, வாசலில் மணலை அள்ளிப் போட்டு, அரைச் சுண்டு மண்ணெண்ணெயை அதில் ஊற்றினார். அம்மா வாயிலடித்துக் கத்தினா, இருந்த எண்ணெய் எல்லாம் மணலுக்குப் போய்விட்டது என்று. கொஞ்ச நேரத்தில் அது சீராக எரியத் தொடங்கியது. பக்கத்துக் கொட்டில்காரர் கேத்திலோடு வந்து வரிசையில் நின்றார்கள். உங்கள் பயிற்சியில் அவருக்குக் கிடைத்த மற்றது எல்லாம் எப்படியோ, அந்த மாரியில் ஒன்பது குடும்பம் சுடுதண்ணி குடித்தது அதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஆமி என்ற சொல்லுக்கு என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குப் பெயர் ஆமியர் வீடு. ஐயாவை எல்லோரும் ஆமியர் என்றுதான் கூப்பிட்டார்கள், வாத்தியார், பரியாரியார் என்பது போல. மரியாதையான பெயர். 1983க்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் பேசி வைத்ததில்லை, ஆனால் அந்தப் பெயர் கிழமைக் கணக்கில் மறைந்து போனது. ஐயா லொறியர் ஆனார். லொறி விற்று இருபது வருடம் ஆகியிருந்தது. பேரப்பிள்ளைகள் பிறந்து அவரை அறிந்த காலத்தில் அவர் ஒரு காலத்தில் ஆமியில் இருந்தார் என்பதே வீட்டுக்குள் தணிந்த குரலில் பேசுகிற விஷயமாகிவிட்டது.

சீருடையோடு எடுத்த ஒரே ஒரு படம் இருந்தது. அரைக் காற்சட்டை, கையில்லாத பெனியன் மேல் பட்டன் போடாத சேர்ட், பின்னால் லொறியின் மூக்கு. 1987இல் இந்தியப் படை வீடு வீடாகச் சோதனை போட்டபோது அம்மா அதை அடுப்பில் வைத்துவிட்டா. காக்கி உடுப்போடு ஒரு இளம் ஆம்பிளையின் படம் வீட்டில் இருந்தால் அது யார், எந்த வருடம் என்று விளங்கப்படுத்த நேரம் தருவார்களா என்று அவவுக்குப் பயம். ஐயா கோபிக்கவில்லை. இந்தியப் படையின் நாலாவது டிவிசன் அதே வட ஆபிரிக்காவில் நின்றது. "வாற சீக்கியனிட்ட உந்த றிபனைக் காட்டியிருந்தா, தேத்தண்ணி குடிச்சிட்டெல்லோ போயிருப்பான்" என்று மட்டும் சொன்னார். சொன்னது சிரித்துக்கொண்டா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

படம் அப்படிப் போனது. மற்றவை ஒரு பச்சை நிற மரப்பெட்டியில் இருந்தன. மூடியில் அவருடைய படை இலக்கம் வெள்ளைப் பெயின்றில் எழுதியிருந்தது. உள்ளே படையில் இருந்து விலக்கிய புத்தகம், சம்பளப் புத்தகம், கெய்ரோவில் வாங்கிய ஒரு தோல் பணப்பை. 1996இல் அந்தப் பெட்டி உழவு இயந்திரத்தில் எங்களோடு மல்லாவி வந்தது. சமாதான காலத்தில் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி படையினரிடம் போனது. அதற்கு முன்பே நாங்கள் தருமபுரம், பிறகு விசுவமடு, பிறகு உடையார்கட்டு. உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் முடிந்த இடத்தில் பெட்டிகளும் நின்றன. கையில் தூக்கக்கூடியது மட்டும் மிச்சம். அடையாள அட்டைகள், காணிப் பேர்மிற், பிள்ளைகளின் சான்றிதழ்கள். எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் என் இடுப்பில். அம்மா தன் தேவாரக் கொப்பியைச் சேலைக்குள் செருகிக்கொண்டா. முள்ளிவாய்க்கால் தாண்டி, செட்டிகுளம் முகாமில் அந்தக் கொப்பியைக் காயவைக்கப் பிரித்தபோது றிபன் அதற்குள் இருந்தது. ஒரு ஓரத்தில் உப்புத் தண்ணி பட்டு மங்கியிருக்கிறது. சிவப்பு நன்றாகவே இருக்கிறது.

இப்போது விளங்கும், படைவிலகல் புத்தகத்தின் பிரதி எங்கே என்ற கேள்விக்கு நாங்கள் ஏன் கோட்டில் ஒன்றும் எழுதவில்லை என்று.

கேட்ட ஆவணங்களை எடுக்க முயலாமல் இல்லை. ஐயாவின் மரணம் காலங்கடந்த பதிவு. தொழில் என்ற இடத்தில் கமம் என்று இருக்கிறது. அது சரிதான், நாற்பது வருடம் வயல் செய்தவர். ஆனால் உங்களுக்கு வேண்டிய சொல் அதில் இல்லை. கடைசியாக, இங்கே ஒரு கந்தோருக்குப் போனேன். எது என்று சொல்ல வேண்டியதில்லை. தகப்பனாரின் படைச் சேவை பற்றி ஒரு உறுதிக் கடிதம் தர முடியுமா என்று கேட்டேன். மேசையில் இருந்தது என் மகனின் வயதுத் தம்பி.

"எந்த ஆமி ஐயா?"

"வெள்ளைக்காரன்ர ஆமி, தம்பி. 1941."

பேனையை மூடி வைத்தார். சுற்றிப் பார்த்தார். "உந்தக் கதையை இங்க விடுங்கோ, அடுத்த கிழமை வாங்கோ" என்றார். அடுத்த கிழமையும் போனேன். நாலு தரம் போனேன். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. கிளிநொச்சியில் நகரின் நடுவே ஒரு போர் வெற்றிச் சின்னம் நிற்கிறது. அதைக் கடந்து வேலைக்கு வருகிற ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, ஒரு தமிழ்க் கிழவன் வந்து ஆமி மெடல் வேண்டும் என்றால் எந்தக் கோப்பில் போடுவது என்று தெரியாது. எனக்கே தெரியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். தாளை எங்களிடம் தேடாதீர்கள், உங்களிடம் தேடுங்கள். எங்கள் வீட்டுக்கு மேலால் இரண்டு தரம் போர் போனது. ஐயாவின் தாள் கிடக்கும் உங்கள் களஞ்சியத்துக்கு மேலால் அப்படி ஒன்று போயிருக்காது. உங்கள் பாதுகாப்பு அமைச்சு 97 இலட்சம் சேவைப் பதிவுகளை லண்டன் கியூவில் இருக்கும் தேசியச் சுவடிக்கூடத்துக்கு மாற்றும் வேலையை 2022இல் தொடங்கியதாக மகள் வாசித்துக் காட்டினாள். அவ்வளவு தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் ஒரு லொறிச் சாரதியின் தாளை மட்டும் எறிந்திருக்க மாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு வேறொரு நினைவும் வருகிறது. 1942 மே மாதம் இந்து சமுத்திரத்தில் இருக்கும் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் உங்கள் அதிகாரிக்கு எதிராகக் கிளம்பினார்கள். கிராசியன் பெர்னாண்டோவும் வேறு இருவரும் அந்த ஓகஸ்டில் கொழும்பில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகத்துக்காகத் தூக்கில் போடப்பட்ட பொதுநலவாயப் படையினர் அந்த மூவர்தான். அவர்களின் பெயர், பதவி, தூக்கிலிட்ட நாள் எல்லாம் பிசகில்லாமல் பதிவாகி இருக்கின்றன. எதிர்த்து நின்ற இலங்கையனை அவ்வளவு கவனமாக எழுதி வைத்த கை, சொன்ன இடத்துக்கெல்லாம் லொறியைக் கொண்டுபோன இலங்கையனையும் எங்கேயோ எழுதித்தான் இருக்கும்.

எங்கே தேடுவது என்பதற்கு ஒரு தபால்காரனாக நான் கொஞ்சம் உதவலாம். எங்கள் வழக்கத்தில் முன்னுக்கு வருவது தகப்பன் பெயர், பின்னுக்கு வருவதே ஆளின் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஐயாவின் பெயர் பிள்ளை என்று முடியும். உங்கள் எழுதுவினைஞர் அதையே குடும்பப் பெயராக எடுத்து வெட்டி, பிள்ளை என்ற தலைப்பில் ஆயிரம் பேரோடு சேர்த்திருக்கலாம். அல்லது என் பாட்டனாரின் பெயரில் ஐயாவைப் பதிந்திருக்கலாம். அப்படியானால் எண்பது வருடமாகப் படையில் இருந்தது என் அப்பு, கடலையே தாண்டாத மனிதர். பிள்ளை என்பதை ஆங்கிலத்தில் ஒரு எல் போட்டும் எழுதுவார்கள், இரண்டு எல் போட்டும் எழுதுவார்கள். கடைசியில் ஐ வரும், வை வரும். யூ போட்டுப் புள்ளே என்று எழுதிய கடித உறைகளையும் நான் சரியான வீட்டில் சேர்த்திருக்கிறேன். எல்லா எழுத்திலும் ஒரு தரம் பாருங்கள்.

இலக்கத்தில் கடைசி நாலும் எனக்குப் பாடம். பெட்டியின் மூடியைப் பார்த்து இலக்கம் எழுதப் பழகியவன் நான். முன்னால் இருந்தவை அம்மா ஒரு விதமாகச் சொல்கிறா, அக்கா வேறு விதமாகச் சொல்கிறா. இரண்டையும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறோம். பிறந்த வருடம், ஊர், சேர்ந்த வருடம், பிரிவு, இந்த நாலு இலக்கம். ஊர் பெயர் மட்டும் எழுதி, வீட்டு இலக்கம் இல்லாமல், "பனையடி வீடு" என்று போட்ட கடிதங்களையே நாங்கள் சேர்த்தோம். இது அதைவிட நல்ல விலாசம்.

என்னென்ன உரியது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆபிரிக்க நட்சத்திரத்துக்கு றிபன் இருக்கிறது. 1939-45 நட்சத்திரத்துக்கும், 28 நாள் சேவை இருந்தாலே போதும் என்ற போர்ப் பதக்கத்துக்கும் அவருக்கு உரித்து உண்டு என்று மகள் கணக்குப் பார்த்துச் சொல்கிறாள். கடைசிக் காலத்தில் பனி கொட்டுகிற ஒரு மலைநாட்டில் சங்கிலி கட்டிய சில்லோடு லொறி ஓட்டினதாகவும் ஐயா சொல்வார். அது இத்தாலி என்றால் இன்னொன்று சேரும். இல்லை என்றால் வேண்டாம். கூடக் கேட்டதாக இருக்கக் கூடாது.

றிபனை வைத்துக்கொண்டு மட்டும் நம்பச் சொல்லவில்லை. இதே றிபன் இணையத்தில் முழக் கணக்கில் விற்கிறது. பதக்கமே விற்கிறது. லண்டனில் இருக்கும் என் மருமகன் ஒருவன் தொலைபேசியில் சொன்னான்: "மாமா, ஏன் உந்த அலைச்சல்? நான் ஒன்று வாங்கி அனுப்பிவிடுறன். ஆருக்கும் வித்தியாசம் தெரியாது." அவன் சொல்வது உண்மை. இந்தியப் படைக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் ஆளின் பெயரையும் இலக்கத்தையும் பொறித்தார்கள். நீங்கள் கொடுத்தவற்றில் ஒன்றுமே பொறிக்கவில்லை. ஒருவருடையதை இன்னொருவருடையது என்றால் மறுக்க வழியில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விற்கிற அந்த நட்சத்திரம் வேறு யாரோ ஒரு பிள்ளையின் ஐயாவுடையது. பெயர் இல்லாத உலோகத் துண்டில் ஐயாவின் பெயர் ஒட்டுவது, உங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே அனுப்பப்பட்டது என்று ஒரு கோடு விழும்போது மட்டும்தான். எனக்கு வேண்டியது அந்தக் கோடு என்று கூடச் சொல்லலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருடம் திருகோணமலையில் வேலை பார்த்தேன். நிலாவெளி வீதியில், உப்புவெளியில் உங்கள் போர்க் கல்லறைகள் இருக்கின்றன. சைக்கிளில் போகும்போது பார்ப்பேன். வெட்டிய புல், வரிசை பிசகாத கல், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, பிரிவு. பெயர் தெரியாதவருக்கும் ஒரு கல். செத்தவரின் பெயரை எழுதி வைக்கத் தெரிந்த ஆக்கள் என்று நினைத்துக்கொள்வேன். வன்னியில் 2009க்குப் பிறகு கல்லறைகளுக்கு என்ன நடந்தது என்பதை இந்த மடலில் எழுதவில்லை. நாங்கள் உங்களிடம் ஏன் நம்பி எழுதுகிறோம் என்பதற்காக மட்டும் உப்புவெளியைச் சொன்னேன்.

இன்னொரு வார்த்தை, இது அதிகாரிகளுக்கு அல்ல. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம் எங்கே இருந்தாலும், அப்பு ஒருவர் "அந்தப் பெரிய சண்டைக்கு" போனவர் என்று வீட்டில் ஒரு கதை இருந்தால், கதையைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். பழைய சேலைப் பெட்டி, பஞ்சாங்கக் கட்டு, சுவாமித் தட்டின் பின்பக்கம் பாருங்கள். கோடு போட்ட துணித் துண்டு ஒன்று கிடைத்தால் அதைத் தோய்க்காமல் வையுங்கள். நடுவில் இருந்த போர் எங்கள் எல்லோருடைய முன்கதைகளையும் மூடிவிட்டது. வவுனியா விமானத்தளம் அந்தப் போரில் பிரித்தானிய விமானப்படை பாவித்த தளம் என்று சொன்னால் என் பேரன் நம்புகிறான் இல்லை. அவனுக்குத் தெரிந்த போர் ஒன்றுதான்.

திரும்ப உங்களிடம் வருகிறேன். சட்டப்படி முதல் உரித்தாளி அம்மா. 94 வயது. விவாகப் பதிவின் பிரதி எடுத்தாயிற்று. அதில் ஐயாவின் பெயருக்கு ஒரு எழுத்துக் குறைகிறது. மேலே சொன்ன பிள்ளைக் கதைதான். சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து இணைத்திருக்கிறோம். அதை ஏற்றுக்கொண்டால் வேறு தாள் தேவைப்படாது. அதற்கும் மேல் ஏதாவது வேண்டும் என்றால் எழுதுங்கள், அலைவோம். ஆனால் அவவின் வயதை நினைத்துக் கொஞ்சம் வேகமாக எழுதுங்கள்.

அம்மாவுக்கு இதில் பெரிய பிடிப்பு இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் அவ என்னைப் பகிடி பண்ணுகிறா. பிரித்தானியாவில் இருந்து ஐயாவுக்குப் பதக்கம் வரப்போகிறது என்று முதல் தரம் சொன்னபோது, "சங்கிலியோடயோ, தனியவோ?" என்று கேட்டா. அவவுடைய பதக்கம் சங்கிலியை மாத்தளனில் பால்மாவுக்குக் கொடுத்தோம். அந்த ஞாபகம். இது தங்கம் இல்லை, செப்பு கலந்த உலோகம் என்றேன். "அப்ப பழைய இரும்பு எடுக்கிறவன் கேட்டு வரப்போறான், கவனமா வை" என்றா. அதற்குப் பிறகு றிபனைத் திரும்ப வாங்கிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டா. நான் படம் எடுக்கக் கேட்டாலும் தன் கண்ணுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும்.

கடைசியாக, அனுப்புவது பற்றி. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விலாசத்தில் அம்மாவின் பெயரை எழுதி, கீழே வட்டக்கச்சி, கிளிநொச்சி என்று போட்டால் போதும், வந்து சேரும். பார்சலின் மேல் ஒட்டுகிற சீட்டில் உள்ளே என்ன என்று எழுத வேண்டி வரும். அதில் படை, பாதுகாப்பு என்ற சொற்கள் வராமல் பார்த்துக்கொண்டால் நல்லது. வழியில் எத்தனை பேர் பிரித்துப் பார்ப்பார்களோ தெரியாது. ஞாபகப் பொருள் என்று எழுதுங்கள். தபால் கொண்டுவருகிற தம்பியை எனக்குத் தெரியும், நான்தான் அவனுக்கு வேலை பழக்கினேன். கையெழுத்து வாங்காமல் கொடுக்க மாட்டான். அம்மா ஒப்பம் வைக்கச் சற்று நேரம் எடுப்பா, அவனை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுப்போம்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் லொறிச் சாரதி ஒருவரின் மகன்,
வட்டக்கச்சி.